வேடந்தாங்கலும் ஊர்க்காவல் மரபும்

முன்னுரை

வெப்ப மண்டல நாடுகளில் காடுகளையும் நீர்நிலைகளையும் அவற்றில் வாழும் உயிரினங்களையும் காத்தற்பொருட்டு எல்லை வகுக்கப்பட்ட இடங்கள் பல உள. அவற்றைக் காக்கும் பொறுப்பு அரசினுடையதா, அவற்றைச் சார்ந்து வாழும் மக்களுடையதா என்னும் வினா இற்றை நாளில் உலகெங்கும் எழுப்பப்படுகின்றது. அமெரிக்க நாட்டில் 1872-ஆம் ஆண்டில் எல்லோஸ்டோன் பகுதி தேசியப் பூங்காவாக அமைக்கப்பட்டது. அதன்பின், மக்களை விலக்கி இயற்கையைக் காத்தல் என்னும் முறை பிற நாடுகளுக்கும் பரவியது. அம்முறையின் குறைகள் புலப்பட்ட பின்னரே, இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், மக்களையும் உடன்கொண்டு காத்தல் என்னும் கருத்து வலுப்பெற்றது. ஆதலின் அக்கருத்தை அண்மைக் காலத்துப் புதுமை என்றே பலரும் எண்ணுவர்.

தொண்டை நாட்டுச் சிற்றூர் ஒன்றின் வரலாறு அவ்வெண்ணத்தை மறுக்கின்றது. செங்கற்பட்டு மாவட்டத்து மதுராந்தக வட்டத்திலுள்ள வேடந்தாங்கல் என்னும் ஊரார், தம் ஏரியில் கூடு கட்டும் நீர்ப்பறவைகளை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்து வருகின்றனர். இக்காவல் எவ்வாறு தோன்றியது, அரசு அதனை எம்முறையில் ஏற்றது, காவலுக்குரிய உரிமை காலப்போக்கில் யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏரியும் பெயரும்

வேடந்தாங்கல் சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதன் ஏரி பரப்பாற் பெரியதன்று. ஏறத்தாழ 30 ஹெக்டேர் அளவினது. ஏரிகள் மிக்கமையால் 'ஏரி மாவட்டம்' எனப் பெயர்பெற்ற செங்கற்பட்டுப் பகுதியில் இதனினும் பன்மடங்கு பெரிய ஏரிகள் பல உள. எனவே, பறவைகள் இவ்வேரியை நாடி வருவதற்கு அதன் பரப்புக் காரணமாதல் இயலாது.

இவ்வூர்ப்பெயர்க்கு 'வேட்டுவர் தங்கிய இடம்' எனப் பொருள் கூறுவாரும் உளர். ஆங்கில நூல்களில் 'வேடனின் சிற்றூர்' என்னும் பொருளே பெரிதும் காணப்படுகின்றது. ஆயின் இப்பெயரின் ஈற்றிலுள்ளது 'தங்கல்' அன்று, 'தாங்கல்' ஆகும். தாங்கல் என்பது நீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரியைக் குறிக்கும் சொல். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் முதலாகத் தொண்டை நாட்டில் வழங்கும் ஊர்ப்பெயர்கள் இச்சொல்லாட்சிக்குச் சான்றாம். எனவே வேடந்தாங்கல் என்பது முதற்கண் ஓர் ஏரியின் பெயர். ஏரியின் பெயரே ஊர்க்கு ஆயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும். 'வேடன்' என்னும் முன்மொழி, இங்கு ஒரு காலத்துப் பறவை வேட்டை நிகழ்ந்தது என்பதற்குத் தனித்த சான்றாகாது. வேட்டையாடுவோர் ஊர் பின்னர்ப் பறவை காக்கும் ஊராயிற்று எனக் கூறுவது கேட்டற்கு இனியதாயினும், பெயர் ஒன்றைக்கொண்டு அவ்வாறு துணிதல் ஆராய்ச்சி நெறியன்று.

பறவைகளும் பயிரும்

வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பும்போது, அதனுள் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல் முதலிய மரங்கள் நீரால் சூழப்படுகின்றன. சூழ்ந்த நீரே அம்மரங்களிலுள்ள கூடுகட்குக் காவலாகின்றது. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பறவைகள் வரத்தொடங்கிப் பங்குனி அளவும் தங்கும். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, சாம்பல் நாரை ஆகியன இங்குக் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பன. கிளுவை, ஊசிவால் வாத்து முதலியன வடதிசையினின்று வந்து பனிக்காலத்தைக் கழித்து மீள்வன. மழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டில் பறவைகள் கூடு கட்டுவதில்லை.

இப்பறவைகள் இங்கே கூடு கட்டினும், இரையின் பொருட்டுச் சுற்றுப்புறத்து ஏரிகளுக்கும் கழனிகளுக்கும் செல்கின்றன. பல இடங்களில் உண்ட மீனும் நத்தையும் தவளையும் எச்சமாக மாறி ஓரிடத்தே, இவ்வேரி நீரில், வீழ்கின்றன. நைதரசன் மிக்க அந்நீர் மதகின் வழியே கழனிக்குப் பாய்கின்றது. ஏரிநீர் பாயும் வயலில் எரு மிகுதியாக இடவேண்டுவதில்லை என்பதனை ஊரார் தம் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். செயற்கை உரம் தோன்றாத காலத்தில் இப்பயன் எத்துணைப் பெரிதாக மதிக்கப்பட்டிருக்கும் என்பதனை விளக்கவேண்டுவதில்லை.

இதனால், ஊராரின் காவல் வெறும் இரக்கவுணர்ச்சியால் எழுந்தது எனக் கொள்வதும், வெறும் பயன் கருதியது எனக் கொள்வதும் ஒருபாற் கோடலாகும். பறவை நீர்க்கு உரமூட்டுகின்றது. நீர் பயிரை வளர்க்கின்றது. பயிர் ஊரை வாழவைக்கின்றது. ஊர் பறவையைக் காக்கின்றது. இத்தொடர்பு உழவு வாழ்வின் ஒரு பகுதியாக அமைந்தமையால், காவலுக்கெனத் தனி வேலியோ கூலியோ தேவைப்படவில்லை. தீபாவளி நாளில் வெடி வெடியாமை போன்ற வழக்கங்களும் பிறர் கட்டளையால் வந்தன அல்ல.

இலக்கியச் சான்றின் எல்லை

நீர்ப்பறவைகளைத் தமிழர் நுணுகி அறிந்திருந்தனர் என்பதற்கு இலக்கியச் சான்றுகள் பல. சங்கச் செய்யுட்களில் குருகும் நாரையும் பலவிடத்தும் வருகின்றன. கபிலர் பாடிய குறுந்தொகைப் பாட்டில் (25) தலைவன் செய்த சூளுறவுக்கு உடனிருந்தது குருகு ஒன்றே எனத் தலைவி கூறுகின்றாள். பிற்காலத்துச் சத்திமுற்றப் புலவர் தென்திசைக் குமரியாடி வடதிசைக்கு மீளும் நாரையைத் தூது விடுகின்றார். பறவைகள் பருவந்தோறும் நெடுந்தொலைவு சென்று மீளும் செய்தி புலவர்க்கு நன்கு தெரிந்திருந்தமை இதனாற் புலனாகும்.

ஆயினும், இலக்கியம் இங்கு அறிவுக்குச் சான்றாகுமே யன்றிக் காவலுக்குச் சான்றாகாது. புலவர் ஒரு பறவையை அறிந்து பாடினார் என்பதனால், அக்காலத்து ஊரார் அப்பறவையைக் காத்தனர் என முடிவு செய்தல் கூடாது. தமிழர் பண்பாட்டின் பெருமையை நிலைநாட்டும் ஆர்வத்தால் இவ்வேறுபாட்டை மறந்து எழுதுவார் உளராதலின், இதனை ஈண்டு எடுத்துக் கூறவேண்டியதாயிற்று. காவல் மரபின் வேரைத் தேடவேண்டிய இடம் பறவைப் பாடல்கள் அல்ல. ஏரியை ஊரார் ஆண்ட முறையே ஆகும்.

ஏரியாட்சி மரபு

பாண்டியன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார் பாடிய புறநானூற்றுப் பாட்டு (18), நீர்நிலை அமைத்தலை அரசனின் தலையாய கடமையாகக் கூறுகின்றது. நீர்நிலை அமைத்தவன் அரசனாயினும், அதனை நாள்தோறும் காத்தவர் ஊரவையினரே என்பதனைச் சோழர் காலக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. வேடந்தாங்கலுக்கு அணித்தேயுள்ள உத்தரமேரூரில், முதற் பராந்தகன் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் இவ்வகையில் முதன்மையானவை. குடவோலை வழியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. ஏரியைப் பேணுதற்கென ஏரிப்பட்டி என்னும் நிலம் ஒதுக்கப்பட்டதும், தூர் எடுத்தற்கெனக் கொடைகள் விடப்பட்டதும் கல்வெட்டுகளால் அறியப்படும்.

உத்தரமேரூர் அந்தணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். அதன் அவை முறை எல்லா ஊர்க்கும் பொதுவாயிருந்தது எனக் கூறவியலாது. எனினும், ஏரியும் அதன் கரையும் மதகும் ஊரின் பொதுப்பொறுப்பு என்னும் கருத்து இவ்வட்டாரத்தில் பத்தாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியிருந்தது என்பதற்கு அஃது உறுதியான சான்றாகும். பிற்காலத்துக் குடிமராமத்து வழக்கமும், ஊர்நிலத்தின்மீது குடிகளுக்கிருந்த காணியாட்சி உரிமையும் இக்கருத்தின் தொடர்ச்சியே. காணியாட்சி நன்செய் புன்செய்களோடு நில்லாது, நீர்நிலை, மேய்ச்சல், மீன் முதலியவற்றையும் தழுவியதாயிருந்தது. திருக்குறள் ஆராய்ச்சியால் தமிழறிஞர்க்கு நன்கு அறிமுகமான எல்லிஸ் இவ்வுரிமை குறித்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளார். ஏரி ஊருடையதாயின், ஏரி மரங்களில் கூடு கட்டும் பறவைகளைச் சுடுவோரைத் தடுக்கும் உரிமையும் ஊருடையதே என ஊரார் கருதியிருத்தல் இயல்பேயாகும்.

1798-ஆம் ஆண்டுக் கௌல்

செங்கற்பட்டுப் பகுதி 1763-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபினால் கிழக்கிந்தியக் கும்பினியார்க்குச் சாகீராக அளிக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர் சிலர் வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுட்டனர் என்றும், அதனைப் பொறாத ஊரார் செங்கற்பட்டுக்குச் சென்று ஆட்சித் தலைவரிடம் முறையிட்டனர் என்றும் வரலாறு வழங்குகின்றது. அப்போது ஆட்சித் தலைவராயிருந்தவர் லயனல் பிளேஸ் என்பார். அவர் 1798-ஆம் ஆண்டில், ஏரியில் பறவைகளைச் சுடுதல் கூடாது என்னும் உறுதியை ஊரார்க்குக் கௌலாக அளித்தார்.

இப்பிளேஸ் என்பாரே மதுராந்தகம் ஏரிகாத்த இராமர் கோயிற் கதையில் இடம்பெறுபவர். பெருமழையால் மதுராந்தகத்துப் பேரேரியின் கரை உடையும் நிலையில், இராம இலக்குவர் கரையைக் காவல் செய்ததை அவர் கண்டார் என்றும், அதன்பின் தாயார்க்குச் சந்நிதி எடுக்க உதவினார் என்றும் மக்கள் கூறுவர். கதையின் வியப்பை நீக்கி நோக்கின், ஏரிக்கரை உடைதலே அவ்வாட்சித் தலைவரின் பெருங்கவலையாயிருந்தது என்னும் உண்மை எஞ்சும். கும்பினியின் வருவாய் நிலவரியைச் சார்ந்தது. நிலவரி நெல்லைச் சார்ந்தது. நெல் ஏரியைச் சார்ந்தது. ஏரியூரார் கொண்டுவந்த முறையீட்டை அவர் புறந்தள்ளாமைக்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும்.

வேடந்தாங்கலை ஆங்கில அரசே 1798-ஆம் ஆண்டில் பறவைப் புகலிடமாக அமைத்தது எனச் சிலர் எழுதுகின்றனர். இக்கூற்றுப் பொருந்தாது. முறையீடு இன்றி ஆணை பிறந்திலது. காவல் வழக்கம் இன்றி முறையீடு எழுந்திராது. பறவைகள் சுடப்பட்டதை ஊரார் தமக்கு நேர்ந்த தீங்காகக் கருதினர் எனின், அப்பறவைகள் தம் காவலில் உள்ளன என்னும் எண்ணம் அதற்கு முன்னரே அவரிடை நிலைபெற்றிருத்தல் வேண்டும். ஆகவே 1798 என்பது காவல் தோன்றிய ஆண்டன்று. காவல் எழுத்தில் ஏறிய ஆண்டேயாகும்.

இம்முடிவுக்கு அவ்வாவணத்தின் பெயரே துணைநிற்கின்றது. 'கௌல்' என்பது சொல், வாக்கு எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் திரிபு. ஆள்வோர் குடிகளுக்கு அளிக்கும் உறுதிமொழி, குத்தகை உடன்படிக்கை ஆகியன அக்கால ஆட்சி வழக்கில் கௌல் எனப்பட்டன. கௌல் இருதிறத்தார்க்கு இடையே நிகழ்வது: கொடுப்பார் ஒருவர், பெறுவார் ஒருவர். பறவைக்கோ நிலத்துக்கோ கௌல் கொடுப்பார் இலர். வேடந்தாங்கல் கௌலைப் பெற்றவர் ஊராரே. எனவே அவ்வாவணம் ஓர் இடத்தைக் காப்பிடமாக்கிய அறிவிப்பு அன்று. ஒரு மக்கட் கூட்டத்தின் உரிமையை அரசு ஒப்புக்கொண்ட வாக்கு ஆகும். இவ்வேறுபாடே பின்வரும் வரலாற்றை விளங்கிக்கொள்ளுதற்குத் திறவுகோலாக அமைகின்றது.

ஊராரிடமிருந்து அரசிடம்

1858-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஆட்சித் தலைவரின் ஆணையால் இவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936-ஆம் ஆண்டில் வேடந்தாங்கல் பறவைப் புகலிடமென அரசால் ஏற்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னர், 1962-ஆம் ஆண்டில், 1882-ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டத்தின்கீழ் ஏரி கொண்டுவரப்பட்டது. 1972-ஆம் ஆண்டில் இந்திய நாடு முழுமைக்குமான வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் 1998-ஆம் ஆண்டில், ஏரியும் அதனைச் சூழ்ந்த 5 கிலோமீட்டர் பகுதியும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. 2022-ஆம் ஆண்டில் வேடந்தாங்கலும், அதனை அடுத்துள்ள கரிக்கிலியும் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுக்கான இராம்சர் பட்டியலில் இடம்பெற்றன.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இஃது ஏறுமுகமான வரலாறாகவே தோன்றும். காவலின் எல்லை விரிந்துள்ளது. சட்டத்தின் வலிமை மிகுந்துள்ளது. புகழ் உலகளவிற் பரவியுள்ளது. எல்லை விரிந்தமைக்குத் தக்க காரணமும் உண்டு. பறவைகள் இரை தேடும் கழனிகளையும் ஏரிகளையும் விடுத்துக் கூடு கட்டும் மரங்களை மட்டும் காத்தல் பயன் தாராது.

ஆயின் ஒன்றை நோக்குதல் வேண்டும். 1798-ஆம் ஆண்டு ஆவணத்தில் ஊரார் உரிமை பெற்றவராக நிற்கின்றனர். சரியாக இருநூறு ஆண்டுகட்குப் பின் வந்த 1998-ஆம் ஆண்டு அறிவிப்பிலோ அவர்தம் வயல்களும் குடியிருப்புகளும் ஓர் எல்லைக்குள் அடங்கிய நிலமாக நிற்கின்றன. முன்னதில் அரசு ஊரார்க்கு வாக்களித்தது. பின்னதில் அரசு நிலத்தை அறிவித்தது. பறவை காக்கப்படுகின்றது என்னும் வகையில் இரண்டும் ஒன்றேயாயினும், காப்பவர் யார் என்னும் வினாவுக்கு அவை தரும் விடைகள் வேறு.

2020-ஆம் ஆண்டில் இச்சரணாலய எல்லையை 5 கிலோமீட்டரிலிருந்து 3 கிலோமீட்டராகச் சுருக்கும் முன்மொழிவு எழுந்து, கடும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. அறிவிப்பால் விரிந்த எல்லை, பிறிதோர் அறிவிப்பால் சுருங்கவும் கூடும் என்பதனை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. எழுத்தால் மட்டும் நிற்கும் காவலின் மெலிவு இதுவாகும்.

ஊரார் என்போர் யாவர்

இதுகாறும் 'ஊரார்' என ஒருமைப்படக் கூறிவந்தோம். அச்சொல்லையும் ஆராய்தல் கடனாம். தொண்டை நாட்டுக் காணியாட்சி ஊர்களில், காணி உடையோரும், அவர்தம் நிலத்தில் உழுவோரும், நிலம் இன்றி உழைத்தோரும் சமநிலையினர் அல்லர். மதகு திறந்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குடியினராகவே இருந்தனர். எரு மிக்க ஏரிநீரின் பயன் நிலமுடையோர்க்கே மிகுதியாகச் சென்றிருக்கும். பறவையை உணவாகக் கொள்ளாதொழிதல் என்னும் கட்டுப்பாடோ, வறியோர்க்கே மிகுந்த இழப்பாயிருந்திருக்கும்.

எனவே, ஊர்க்காவல் மரபைப் பாராட்டுவார், அதனைக் குற்றமற்ற பொற்காலமாகப் புனைந்துரைத்தல் தகாது. மக்களைக் கொண்டு காத்தல் எனப் பேசும்போது, மக்களுள் எவர் பயன் பெறுகின்றார், எவர் இழக்கின்றார் என்னும் வினாவையும் உடன் எழுப்புதல் வேண்டும். ஊராரின் உரிமையை மீட்டல் என்பது பழைய காணியாளர் உரிமையை மட்டும் மீட்பதாயின், அது நீதியாகாது.

பிறவிடத்து ஒப்புமைகள்

வேடந்தாங்கல் தனித்த நிகழ்ச்சியன்று. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் பறவைகள் குளத்து மரங்களில் மட்டுமன்றி ஊருக்குள் வீட்டுப் புறக்கடை மரங்களிலும் கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றைத் தம் ஊர்க்கு நன்மை தரும் விருந்தாகக் கருதிக் காத்து வந்துள்ளனர். 1994-ஆம் ஆண்டில்தான் அஃது அரசின் சரணாலயமாயிற்று. இங்கும் காவல் முந்தியது, சட்டம் பிந்தியது.

காட்டுப் பகுதிகளிலோ இவ்வரலாறு பெரும்பாலும் தலைகீழாக நிகழ்ந்துள்ளது. அதற்கு எடுத்துக்காட்டாகத் தமிழ்நாட்டு எல்லையை அடுத்துக் கருநாடகத்திலுள்ள பிலிகிரிரங்கன் மலையைக் கூறலாம். 1974-ஆம் ஆண்டில் அம்மலை சரணாலயமாக்கப்பட்டபோது, அங்கு வழிவழியாக வாழ்ந்த சோளகர்களின் வேட்டையும் இடம் பெயர்ந்து செய்யும் வேளாண்மையும் தடுக்கப்பட்டன. அவர்கள் குறிப்பிட்ட குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டனர். உரிய காலத்தில் சருகுக்குச் சிறுதீ இடும் அவர்தம் வழக்கமும் நின்றது. அதன்பின் உண்ணிச்செடி காடெங்கும் பரவி அடர்ந்ததற்குச் சிறுதீ நின்றமையும் ஒரு காரணமெனச் சோளகர் கூறுவதை ஆய்வாளரும் கருத்திற்கொண்டுள்ளனர். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் வழியே, 2011-ஆம் ஆண்டில் அம்மலைக் கிராம சபைகள் பலவற்றுக்குச் சமுதாயக் காட்டுரிமை ஏற்கப்பட்டது. புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காட்டினுள் இவ்வுரிமை ஏற்கப்பட்டமை குறிப்பிடத்தக்கதாகும்.

இவ்விரு வகையையும் ஒப்புநோக்கின், ஓர் உண்மை தெளிவாகும். மலைக்காட்டில் அரசு முதற்கண் உரிமையை எடுத்துக்கொண்டது; பின்னர் ஒரு பகுதியைத் திரும்ப அளித்தது. வேடந்தாங்கலில் அரசு முதற்கண் உரிமையை ஏற்றது. பின்னர், எவரும் பறித்தார் எனக் கூறவியலாதபடி, மெல்ல மெல்ல அதனைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்கு 2002-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட திருத்தம், மக்கள் தாமே முன்வந்து தம் நிலத்தைக் காக்கும் 'சமுதாயக் காப்பகம்' என்னும் வகையைப் புதிதாக ஏற்படுத்தியது. அவ்வகைக்கு நாட்டின் மிகப் பழைய எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகிய வேடந்தாங்கல், அத்திருத்தத்திற்கு முன்னரே வேறு வகையில் அடங்கிவிட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். வேடந்தாங்கற் காவல் ஆங்கில அரசால் தோற்றுவிக்கப்பட்டதன்று. ஏரியை ஊர் ஆண்ட நெடுமரபின் வழியே உருவாகி, 1798-ஆம் ஆண்டில் கௌல் வாயிலாக அரசால் ஏற்கப்பட்டது. அக்கௌல் மக்களுக்கு அளிக்கப்பட்ட வாக்கு. பின்வந்த அறிவிப்புகளோ இடத்தை நோக்கியன. சட்டத்தின் வலிமை வளர வளர, உரிமையாளர் என்னும் நிலையில் ஊரார் ஆவணங்களிலிருந்து மறைந்தனர்.

ஆவணத்தில் மறைந்த உரிமை வாழ்விலும் மறையுமாயின் விளைவது யாது என்பதே இனி எண்ணற்பாலது. கழனி மனையாகவும், ஏரிநீர்க்கு மாற்றாக ஆழ்துளைக் கிணறும், எச்ச உரத்துக்கு மாற்றாகக் கடையுரமும் வருமிடத்து, பறவைக்கும் ஊர்க்கும் இடையிலுள்ள பழைய தொடர்பு தளரும். அத்தொடர்பு அற்றபின் காவலர் எத்துணைப் பேரை நிறுத்தினும், ஊர் தானே விழித்திருந்து காத்த காவலுக்கு அஃது ஈடாகாது.

ஆதலின், இத்தகைய இடங்களின் மேலாண்மையை வகுப்போர், நிலமற்றோரும் உள்ளிட்ட ஊர்மக்கள் அனைவரையும் எழுத்திலும் மீண்டும் உரிமையாளராக ஏற்றல் வேண்டும். தமிழாராய்ச்சியாளர்க்கும் இதிற் பங்கு உண்டு. ஊர்தோறும் சிதறிக் கிடக்கும் கௌல்கள், முறையீடுகள், ஏரிக் கல்வெட்டுகள், நீர்ப்பங்கீட்டு வழக்காறுகள் ஆகியவற்றைத் தொகுத்து ஆராய்வாராயின், இவ்வுரிமையின் வரலாறு இன்னும் தெளிவுறும். வேடந்தாங்கல் ஊரார் தம் உரிமையை அன்று முறையிட்டுப் பெற்றனர். அம்முறையீட்டின் பொருளை இன்று எடுத்துரைத்தல் வரலாற்றாசிரியன் கடமையாகும்.